கோலனோஸ்கோபிக்கு முழுத் தூக்கமா, அரை மயக்கமா, மருந்தே இல்லாமலா?

"தூங்க வச்சுத்தானே பண்ணுவீங்க, சிஸ்டர்?"

எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே, கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கோலனோஸ்கோபிக்காகக் காத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். புற்றுநோய் இருக்குமா என்று கேட்பவர்களைவிட வலிக்குமா என்று கேட்பவர்களே அதிகம். அதில் தப்பில்லை. சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய் ஒன்று பின்வழியாகப் போகப்போகிறது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்திலேயே வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, ரத்தம் போக ஆரம்பித்த பிறகு வந்து படுத்தவர்களையும் பார்க்கிறோம். மயக்கம் எத்தனை விதம், யாருக்கு எது பொருந்தும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்களில் சிலராவது நேரத்தோடு வந்திருப்பார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். எல்லாப் பாலிப்பும் மாறுவதில்லை. மாறப்போவது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், கண்ணில் பட்டதைக் கம்பி வளையம் போட்டு அப்போதே எடுத்துவிடுகிறார்கள். 1969-ல் நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் வயிற்றைத் திறக்காமல் இப்படி எடுக்க முடியும் என்று காட்டினார்கள். 1993-ல் வெளியான அமெரிக்காவின் நேஷனல் பாலிப் ஸ்டடியில், பாலிப்பை எடுத்துக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் குறைவாகவே வந்தது. வருவதற்கு முன்பே வெட்டி எறியக்கூடிய புற்றுநோய்கள் மிகச் சிலதான். அவற்றில் இது ஒன்று.

மயக்கத்துக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது.

எடுத்த எடுப்பிலேயே கோலனோஸ்கோபிதானா?

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கோலனோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். "மூலமாத்தான் இருக்கும்" என்று நாட்டு மருந்தில் ஆறு மாதம் ஓட்டிவிட்டு வருகிறவர்கள்தான் எங்களை அதிகம் வேதனைப்படுத்துகிறவர்கள்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் யாருக்காவது 60 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வந்திருந்தாலும் கோலனோஸ்கோபிதான் சரி. உங்களுக்கு 40 வயதாகும்போது, அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதிலிருந்து பத்தைக் கழித்தால் வரும் வயதில், எது முந்துகிறதோ அப்போது தொடங்கவேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை.

இந்த இரண்டிலும் சேராதவர்களுக்கு வழி ஒன்றுக்கு மேல் உண்டு. அமெரிக்காவில் 2021-ல் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆக இறக்கினார்கள். சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து வீட்டிலேயே எடுக்கும் மலப் பரிசோதனை தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் அரசின் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான். மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் நம் ஊரில் குறைவு. ஆகவே 45 ஆனவர்கள் எல்லாரும் நாளைக்கே வந்து படுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு தடவையாவது இதைப் பற்றி டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்று கட்டாயம் சொல்வேன்.

மலப் பரிசோதனையில் ஃபிட் என்பதைக் கேளுங்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை அது பிடிக்கும். சாப்பாட்டுப் பத்தியம் இல்லை, வயிறு கழுவ வேண்டாம், மயக்கம் என்ற பேச்சே இல்லை. பழைய வகைப் பரிசோதனைக்கு இறைச்சியை நிறுத்தவேண்டியிருக்கும். சில லேப்களில் அதுவே இன்னும் இருப்பதால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒரே தடவையில் ஃபிட் புற்றுநோயில் முக்கால்வாசியைப் பிடித்துவிடும். ஆனால் பெரிய, ஆபத்தான பாலிப்புகளில் கால்வாசியைத்தான் பிடிக்கும். ஒரு தடவையோடு நிறுத்தாமல் தொடர்ந்து செய்தால்தான் பலன். பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அடுத்தது கோலனோஸ்கோபி, அதில் மாற்றுவழி இல்லை. இன்னொரு ஃபிட் செய்து பார்த்து நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகிவிடுவது பெரிய தவறு.

ஸ்பெயினில் நடந்த கோலன்பிரெவ் ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2025-ல் லான்செட் இதழில் வந்தன. கோலனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் 32 சதவீதம் போலத்தான் பரிசோதனைக்கு உட்பட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஃபிட் செய்ய அழைக்கப்பட்டவர்களில் 40 சதவீதம். பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. கோலனோஸ்கோபியை நினைத்தாலே இரவு தூக்கம் வராது என்கிறவருக்கு இது நல்ல செய்தி. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட, ஆண்டுதோறும் ஃபிட் செய்வது எவ்வளவோ மேல்.

ஸ்கேன் எடுத்துக் குடலைப் பார்க்கும் சி.டி. கோலனோகிராபிக்கும் மயக்கம் வேண்டாம், ஆனால் வயிறு கழுவியாக வேண்டும். பாலிப் தெரிந்தால் எடுப்பதற்கு மறுபடி கோலனோஸ்கோபி. சிக்மாய்டோஸ்கோபி என்கிற குட்டைக் குழாய்ப் பரிசோதனை குடலின் இடது பக்கத்தை மட்டும் பார்க்கும்.

மருந்தே இல்லாமல்

இதைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் நார்வேயில் நிறையப் பேர் மயக்க மருந்து எதுவும் இல்லாமல்தான் செய்துகொள்கிறார்கள். அது எப்படி முடிகிறது என்று புரிய, வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும். பெருங்குடலின் உள்சுவருக்கு வெட்டுகிற வலி தெரியாது. பயாப்சிக்கு, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கைக் கிள்ளும்போதும் பாலிப்பை எடுக்கும்போதும் விழித்திருப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், அங்கே ஒன்றும் உணரமாட்டார். குடல் இழுபடும்போதும் காற்றில் உப்பும்போதும்தான் வலி. ஆசனவாயைத் தாண்டியதும் எஸ் எழுத்துப் போல வளைந்து கிடக்கும் சிக்மாய்டு பகுதியில்தான் குழாய் மடங்கி வளையம் போடும், பிடிப்பு எடுப்பதும் அங்கேதான். அந்த நேரம் நாங்கள் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிப்போம்; வளையம் விழாமல் குழாய் முன்னே நகரும். விழித்திருப்பவரிடம் "அண்ணே, அப்படியே மல்லாக்கத் திரும்புங்க" என்றால் தானாகத் திரும்பிக்கொள்வார். தூங்குகிறவரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து புரட்டவேண்டும். அந்த வளைவுகளைத் தாண்டிவிட்டால் பாதிக்கு மேல் சிரமம் முடிந்தது. வெளியே எடுத்துக்கொண்டு வரும்போதுதான் டாக்டர் நிதானமாகப் பார்ப்பார், அப்போது வலி மிகக் குறைவு.

இந்த வழிக்கு வருவதாக இருந்தால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். குடலை விரிக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா? அது சீக்கிரம் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறிவிடுவதால் முடிந்த பிறகு வயிறு உப்பிக்கொண்டு நிற்காது. உள்ளே போகும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைச் செலுத்தி உறிஞ்சிக்கொண்டே போகும் முறை அந்த டாக்டருக்குப் பழக்கமா? அதில் வலி கணிசமாகக் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

லாபம் என்ன? முடிந்ததும் எழுந்து, காற்று போனதும் டிபன் சாப்பிட்டுவிட்டு, தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். துணைக்கு ஆள் தேவையில்லை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இது சின்ன விஷயமில்லை. மூச்சு, ரத்த அழுத்தம் பற்றிய மருந்து ஆபத்தும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் இது ஒத்துவராது. ஒல்லியான பெண்கள், கர்ப்பப்பை எடுத்தவர்கள், வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆகிக் குடல் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள், உள்ளூர மிகவும் பதறுகிறவர்கள் ஆகியோருக்கு வலி கூடுதலாக இருக்கும். கையில் வென்ஃப்ளான் என்கிற, நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாயைப் போட்டு வைத்துக்கொண்டு மருந்தில்லாமல் ஆரம்பித்து, முடியவில்லை என்று சொன்ன உடனே ஊசி ஏற்றும் நடுவழியும் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள், ஆகவே கேளுங்கள்.

அரை மயக்கம்

மிடாசோலம், கூடவே வலிக்கு ஃபென்டனில் அல்லது அது போன்ற இன்னொரு ஊசி. நம் மருத்துவமனைகளில் வெகுகாலமாக நடப்பது இதுதான். கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், மூச்சு நீங்களேதான் விடுவீர்கள், ஆனால் பதற்றம் இறங்கியிருக்கும். மிடாசோலத்துக்கு இன்னொரு குணம், நடந்ததை நினைவில் தங்கவிடாது. உள்ளே "அய்யோ அம்மா" என்று இரண்டு தடவை கத்தியவர் வெளியே வந்து "ஒன்னுமே தெரியலம்மா" என்று வீட்டாரிடம் சொல்வது எங்களுக்கு வாடிக்கை. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது நினைவில் இல்லை. அதே காரணத்தால், முடிந்ததும் டாக்டர் சொல்லும் விளக்கமும் நினைவில் நிற்காது. கூட வந்தவர் உள்ளே வந்து கேட்டுக்கொள்ளவேண்டும். அம்மா தலையாட்டினார்களே என்று விட்டுவிடக்கூடாது.

இந்த ஊசிகளில் எனக்குப் பிடித்தது, அளவு மிஞ்சிப்போனால் முறிக்க மருந்து இருப்பது. மிடாசோலத்துக்கு ஃபுளூமாசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்ஸோன். பிடிக்காதது, எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது. தினமும் தூக்க மாத்திரை போடுகிறவருக்கும் தினமும் குடிக்கிறவருக்கும் வழக்கமான அளவு எட்டவே எட்டாது. அவர்கள் வெட்கப்பட்டு அதை மறைத்துவிட்டால், டேபிளில் படுத்த பிறகு அவர்களுக்கும் கஷ்டம், டாக்டருக்கும் கஷ்டம். முடிந்து எழுந்து உட்கார அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். தெளிந்துவிட்டது போல இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது.

முழுத் தூக்கம்

புரோபோஃபால். சிரிஞ்சில் பார்த்தால் பால் போல வெள்ளையாக இருக்கும், சோயா எண்ணெயில் கலந்து வருவதால். ஏறும்போது நரம்போடு சுரீரென்று எரியும், ஒரு நிமிடத்துக்குள் தூக்கம். மருந்தை நிறுத்தினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கண் விழித்து "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார்கள். அரை மயக்கத்தில் வரும் நாள் முழுதுமான மந்தம் இதில் குறைவு. 2008-ல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், புரோபோஃபாலில் தெளிவது சீக்கிரம், நோயாளிகளின் திருப்தியும் கூடுதல் என்று தெரிந்தது. ஆனால் குழாய் பெருங்குடலின் கடைசி முனையான சீக்கம்வரை போய்ச் சேரும் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் இன்று பெரும்பாலான கோலனோஸ்கோபிகள் இந்த மருந்தில்தான் நடக்கின்றன.

"மைக்கேல் ஜாக்சன் செத்தது இந்த மருந்துலதானே?" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், 2009-ல். வீட்டுப் படுக்கையறையில், மூச்சைக் கண்காணிக்கத் தேவையான கருவிகள் இல்லாமல், தூக்கத்துக்காக அதைக் கொடுத்தார்கள். புரோபோஃபால் மூச்சை மந்தமாக்கும், சிலருக்கு நிறுத்தியும் விடும். ரத்த அழுத்தத்தை இறக்கும். முறிவு மருந்து கிடையாது, சீக்கிரம் தானே இறங்குவதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஆகவே மருந்து கொடுப்பவருக்கு அந்த அறையில் வேறு வேலை இருக்கக்கூடாது. குழாயைப் பிடித்திருக்கும் டாக்டரே ஒரு கண்ணால் மானிட்டரையும் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு புரோபோஃபாலுக்குக் கூடாது. மயக்க டாக்டர் கட்டணம் தனியாக வருகிறதே என்று அந்த ஒரு வரியை மட்டும் பில்லில் குறைக்கப் பார்க்காதீர்கள். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அரை மயக்கத்துக்கோ மருந்தில்லா வழிக்கோ மாறுங்கள். ஆள் இல்லாத புரோபோஃபாலுக்குச் சம்மதிக்காதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், அனஸ்தீசியா சேவையோடு, அதாவது மயக்கம் கொடுக்கத் தனி ஆளோடு செய்துகொண்டவர்களிடம் முப்பது நாளுக்குள் சிக்கல்கள் 13 சதவீதம் கூடுதலாக இருந்தன. உடல்நிலை மோசமானவர்களுக்கே அனஸ்தீசியா கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால் முழுப் பழியையும் மருந்தின்மேல் போட முடியாது. அடிப்படை ஆபத்தும் சிறியது: பரிசோதனைக்காகச் செய்யும் கோலனோஸ்கோபியில் குடலில் ஓட்டை விழுவது பத்தாயிரத்தில் மூன்று பேருக்கு, பெரிய ரத்தக்கசிவு சுமார் பதினைந்து பேருக்கு. ஆனாலும் ஆழ்ந்த தூக்கம் இலவச வசதி இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், அதிக எடை உள்ளவர்கள், இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் இதை முதல் ஆலோசனையிலேயே சொல்லவேண்டும். எடைக்கோ சர்க்கரைக்கோ செமாக்ளூடைட் வகை ஊசி போடுகிறவர்களும் சொல்லவேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. இவர்களுக்கு முழுத் தூக்கமே கூடாது என்றில்லை. மயக்க டாக்டர் இருந்தே ஆகவேண்டும் என்று பொருள்.

புற்றுநோயைத் தடுப்பது எது?

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாலிப்பைக் கண்டுபிடிக்கும் விகிதம் அதனால் பெரிதாக மாறுவதில்லை. ஆழமாகத் தூங்கினால் நன்றாகப் பார்ப்பார்கள் என்பது நோயாளிகளின் நம்பிக்கை, ஆதாரம் அதற்குப் போதவில்லை. மாற்றுவது இரண்டு: குடல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, டாக்டர் எவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறார்.

சுத்தம் உங்கள் கையில். பேதி மருந்து கரைசல் முழுவதையும் முந்தைய நாள் இரவே குடித்து முடிப்பதைவிட, பாதியை இரவிலும் மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகக் கழுவியிருக்கும். விடியற்காலையில் எழவேண்டும் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் கீரை, கொய்யா, எள், சிறுதானியம், விதையுள்ள தக்காளி எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, மோர் போதும். முந்தைய நாள் தெளிந்த ரசம், இளநீர், வடிகட்டிய ஜூஸ். ரோஸ் மில்க், பீட்ரூட் சாறு போன்ற சிவப்பு வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவோ தொடரவோ கூடாது. கடைசியில் வெளியே போவது வெளிர் மஞ்சள் தண்ணீராக, அடியில் ஒன்றும் தங்காமல் இருந்தால் தயார் என்று அர்த்தம்.

டாக்டரின் பொறுமையை நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளமுடியும். குழாயை வெளியே இழுத்துக்கொண்டு பார்க்கும் நேரம் குறைந்தது ஆறு நிமிடமாவது இருக்கவேண்டும் என்பது பழைய அளவுகோல். இப்போது எட்டு நிமிடம் என்கிறார்கள். புற்றாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்பை அவர் நூறு பேரில் எத்தனை பேரிடம் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் உண்மையான மதிப்பெண். அந்த விகிதம் ஒரு சதவீதம் கூடினால், அவரிடம் பார்த்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் மூன்று சதவீதம் குறைகிறது என்று 2014-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு காட்டியது. "உங்க அடினோமா டிடெக்ஷன் ரேட் என்ன டாக்டர்?" என்று கேட்க நம் ஊரில் தயக்கம் இருக்கும். கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் பரிந்துரை

என்னிடம் கேட்டால், பயம் பெரிதாக இல்லாத, வேறு நோய் இல்லாத, குறிப்பாகத் தனியாக வரவேண்டியிருக்கும் ஆண்களுக்கு வென்ஃப்ளான் போட்டுக்கொண்டு மருந்தில்லாமல் ஆரம்பிப்பதைச் சொல்வேன். கர்ப்பப்பை எடுத்த பெண்கள், வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள், முன்பு ஒரு தடவை வலி தாங்காமல் பாதியில் நிறுத்தியவர்கள் செலவைப் பார்க்காமல் மயக்க டாக்டரோடு புரோபோஃபாலுக்குப் போகலாம். மீதிப் பேருக்கு அரை மயக்கமே போதும். பல இன்சூரன்ஸ் பாலிசிகள் அறிகுறி இல்லாமல் செய்யும் பரிசோதனைக்குப் பணம் தருவதில்லை என்பதால் அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. பின்பக்கம் திறந்த அந்த உடையையும், அறையில் ஆண்கள் இருப்பதையும் நினைத்தே பலர் தூக்கம் வேண்டும் என்கிறார்கள், வலிக்காக அல்ல. அதற்கு மருந்து தேவையில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்கலாம். பின்பக்கம் சிறு திறப்பு மட்டும் உள்ள கோலனோஸ்கோபி பேண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். போர்வையை எந்த அளவுக்கு மட்டும் விலக்குவோம் என்று எங்களிடம் கேட்டால் காட்டுவோம்.

முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: சீக்கம்வரை போனார்களா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, அடுத்து எப்போது. சுத்தமான குடலில் ஒன்றுமே இல்லாவிட்டால் பத்து வருடம். ஒன்றிரண்டு சின்ன அடினோமா என்றால் அமெரிக்க வழிகாட்டலில் ஏழிலிருந்து பத்து வருடம். ஐந்திலிருந்து பத்துவரை இருந்தாலோ, ஒன்று பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலோ மூன்று வருடம். பயாப்சி முடிவு வந்த பிறகுதான் இது உறுதியாகும், ஆகவே அதை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு ஏற்றினார்கள், உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் அதே ஃபைலில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த தடவை வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போனாலும் எந்த மயக்கம் என்ற பேச்சை அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.